தளர்ந்த ஹெல்மெட், மங்கிய காகிள், வெந்த கருவிழி: மதுரைக் குடும்பம் ஒன்றின் பனிச்சறுக்குப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரையில் வசிக்கும் 38 வயதுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், பிப்ரவரி மாதத்தில் காஷ்மீரின் குல்மார்க்கில் தொடக்கநிலைப் பனிச்சறுக்குப் பயிற்சி பெறச் சென்றிருந்தபோது, இரு கண்களிலும் கருவிழியின் மேற்பரப்பு வெந்துபோய், பயிற்சியைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். மருத்துவ அளவில் இது அரிய நிகழ்வு அல்ல. இத்தகைய காயம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தானே ஆறிவிடும். ஆயினும் என் மருத்துவமனையில் அவரிடம் நடந்தவற்றை வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டபோது, கண்ணுக்கு வந்த கேட்டின் வேர் அவர் தலையில் இருந்த ஹெல்மெட்டில் இருந்தது தெரிந்தது. ஹெல்மெட்டையும், கண்களை மூடிக் காக்கும் காகிளையும் தனித்தனியே வாங்கி, தனித்தனியே அணிந்து பார்த்து, தனித்தனியே குறைசொல்லும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதை இந்த ஒரு நிகழ்வே காட்டுவதால், அதை முழுமையாக எழுதுகிறேன். குடும்பத்தார் இசைவு தந்துள்ளனர். அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

நிகழ்ந்தது

பயணத்தில் மூவர் இருந்தனர்: ஆசிரியை, பாத்திரக் கடை வைத்திருக்கும் 45 வயதுக் கணவர், 11 வயது மகன். ஆசிரியைக்கு வலக் கண்ணில் மைனஸ் 4.50, இடக் கண்ணில் மைனஸ் 4.00 பவர், பள்ளி நாட்களிலிருந்தே கண்ணாடி அணிபவர். காகிள், ஹெல்மெட், சறுக்குப் பலகை, காலணி ஆகிய எல்லாவற்றையும் சறுக்குமிடத்திலேயே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் தலையைக் கண்ணால் அளந்து ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொடைக்கானல் பயணங்களுக்கென்று வீட்டில் வைத்திருந்த கம்பளிக் குரங்குக் குல்லாவை ஆசிரியை அப்போதே அணிந்திருந்ததால், அந்தக் குல்லாவின் மேல் பொருந்திய பெரிய அளவு ஹெல்மெட் அவருக்குக் கிடைத்தது. தாடைப் பட்டை உரசியதால் அதையும் தளர்த்தி விட்டுக்கொண்டார். காகிளோ ஒற்றை லென்ஸ் கொண்டது. உட்பக்கம் கீறல் விழுந்து, முகத்தில் படியும் பஞ்சு விளிம்பு இறுகிப் போயிருந்தது. அவருடைய பவர் கண்ணாடி அதனுள் அழுத்திக்கொண்டுதான் உட்கார்ந்தது.

இரண்டாம் நாள், ஏறக்குறைய நின்ற நிலையிலேயே அவர் மல்லாந்து விழுந்தார். தலையின் பின்புறம் இறுகிய பனியில் மோதியது. தளர்வாயிருந்த ஹெல்மெட் பின்னாலிருந்து மேலே தள்ளப்பட்டு, அதன் முன் விளிம்பு நெற்றியைத் தாண்டி இறங்கிக் காகிளை அழுத்தியது. காகிள் பவர் கண்ணாடியை அழுத்தியது. கண்ணாடியின் மூக்குத் தாங்கிகள் இரண்டும் மூக்கின் இருபுறமும் பதிந்து ஊன்றின. மயக்கமோ வாந்தியோ தலைவலியோ இல்லை. மூக்குத் தண்டு மட்டும் வீங்கியது.

மூன்றாம் நாள் வானத்தில் மெல்லிய மேகம் இருந்தது. குளிர்காற்றுக்காக அவர் மூக்கை மூடி மப்ளர் சுற்றியிருந்தார். சறுக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காகிளும் அதனுள் இருந்த பவர் கண்ணாடியும் ஒருசேர மங்கிப் போயின. முந்தைய நாள் அடிபட்ட மூக்கில் காகிள் பட்டாலே வலித்தது. ஆகவே பவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, காகிளை ஹெல்மெட்டின் மேல் ஏற்றி விட்டுக்கொண்டு, தொடக்கநிலைச் சரிவில் வெறும் கண்ணோடு பிற்பகல் வரை பயிற்சி செய்தார். "வெயிலே இல்லையே டாக்டர், கண் கூசக்கூட இல்லை" என்று அவர் என்னிடம் சொன்னார்.

அன்று இரவு ஒன்பது மணியளவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தல் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் கண்ணைத் திறக்க முடியாதபடி வலியும் நீர்வடிதலும் மிகுந்தன. மேலூரிலிருக்கும் அவருடைய தாயார் தொலைபேசியில் தாய்ப்பால் விடச் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாகக் கணவர் அதற்கு ஆள் தேடாமல் மருத்துவரைத் தேடினார். அங்கிருந்த மருத்துவர் வழவழப்புச் சொட்டு, கிருமித்தடுப்புக் களிம்பு, வலி மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்து, இருட்டறையில் ஓய்வெடுக்கச் சொன்னார். அது சரியான சிகிச்சை.

என்னிடம் வந்தபோது பெரும்பகுதி ஆறியிருந்தது. கண்ணாடியோடு இரு கண்ணிலும் 6/6 பார்வை இருந்தது. சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தபோது, இமைகள் திறந்திருக்கும் இடைவெளியில் மட்டும், அதிலும் கருவிழியின் கீழ்ப்பாதியில் கூடுதலாக, சாயம் ஏறிய ஊசிமுனைக் காயப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. கண்ணழுத்தம் சீராக இருந்தது. கண்பாப்பாவை விரித்துப் பார்த்ததில் விழித்திரையில் குறை ஏதும் இல்லை. மூக்கின் இருபுறமும், மூக்குத் தாங்கியின் நீள்வட்ட வடிவம் அப்படியே தெரியும்படி, மஞ்சள் பாய்ந்த கன்றல் இருந்தது. அந்த இரண்டு தடங்களைப் பார்த்த பிறகுதான் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. ஒரு வாரத்தில் எல்லாம் தெளிந்தது.

ஒளி கீழிருந்து வந்தது

மதுரையின் வெயிலில் பிறந்து வளர்ந்தவருக்குக் காஷ்மீரத்துக் குளிர்கால வெயில் கண்ணைச் சுட்டது எப்படி என்று கணவர் கேட்டது நியாயமான கேள்வி. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. குல்மார்க் 34 டிகிரியில் இருக்கிறது. பிப்ரவரியில் அங்கே சூரியன் சாய்வாகவே நிற்கும். கருவிழியைச் சுடுவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். உயரம் கூடக்கூட ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் 10 முதல் 12 விழுக்காடு வரை கூடும் என்பதும், குல்மார்க் சுமார் 2650 மீட்டர் உயரத்தில் இருப்பதும் உண்மையே என்றாலும், அந்த உயரம் மட்டுமே இக்காயத்தை விளக்கப் போதாது.

விளக்கம் தரையில் இருக்கிறது. மண்ணும் புல்லும் தம்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன; உலர்ந்த கடற்கரை மணல் 15 விழுக்காடு அளவுக்கு அனுப்புகிறது; புதிதாக விழுந்த பனியோ 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். மதுரையில் உச்சி வெயில் எவ்வளவு கடுமையாயினும், அது மேலிருந்து வருகிறது. புருவமேடும் மேலிமையும் நாம் சுருக்கும் கண்ணும் அதை மறைத்துவிடுகின்றன. பனிவெளியில் கதிர் கீழிருந்து மேலே ஏறி வருகிறது, அந்தத் திசையில் கண்ணுக்கு இயற்கை கொடுத்த மறைப்பு எதுவும் இல்லை. அவருடைய கருவிழியின் கீழ்ப்பாதியில் புள்ளிகள் கூடுதலாக இருந்தது இதோடு ஒத்துப்போகிறது. மெல்லிய மேகம் வெளிச்சத்தின் கூச்சத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர, புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். கூசாத நாளில்தான் காகிளைக் கழற்றுகிறார்கள். ஆபத்து அங்கேயே இருக்கிறது.

இந்த நோயை மதுரை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள், வேறு வடிவில். பட்டறையில் முகமூடி இல்லாமல் வெல்டிங் பிடித்த இளைஞர், பகலெல்லாம் நன்றாக இருந்துவிட்டு, நள்ளிரவில் இரு கண்ணையும் பொத்திக்கொண்டு வருவார். கருவிழியின் மேல்தோல் செல்கள் கதிரை உறிஞ்சிச் சிதைந்து உதிரச் சில மணி நேரம் பிடிப்பதால், வலி பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் கழித்தே எழுகிறது. பனியில் வருவதும் வெல்டிங்கில் வருவதும் ஒரே காயம். இரண்டிலும் ஒரே எச்சரிக்கையும் உண்டு: வலியை உடனே போக்கும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மீண்டும் மீண்டும் விட்டுக்கொள்ளக் கூடாது. அது காயம் ஆறுவதைத் தடுத்து, கருவிழியையே கெடுத்துவிடும். தாய்ப்பாலும் வேண்டாம், திறந்த புண்ணில் கிருமிக்கு வழி செய்ததாகிவிடும்.

காகிள் ஏன் மங்கியது

முகத்தின் வெப்பத்தில் காகிளுக்குள் இருக்கும் காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. லென்ஸ் வெளிக்குளிரில் இருக்கிறது. ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் நீர்த்துளியாகப் படியும். இதைத் தடுக்கவே நல்ல காகிளில் இரண்டு லென்ஸ்களுக்கு இடையே காற்றை அடைத்து வைக்கிறார்கள். வெளி லென்ஸ் குளிர்ந்தாலும் உள் லென்ஸ் அவ்வளவு குளிராது. உள் லென்ஸின் உட்புறத்தில் நீரை உறிஞ்சிப் பரப்பிவிடும் பூச்சு ஒன்றும் இருக்கும். ஈரமாக இருக்கும்போது இந்தப் பூச்சு மிக மென்மையாகிவிடும். கைக்குட்டையாலோ கையுறையாலோ ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே அது போய்விடும். வாடகைக் காகிளில் இரண்டாவது லென்ஸும் இல்லை, பூச்சும் மிஞ்சியிருக்கவில்லை.

மீதியை மப்ளர் செய்தது. மூக்கை மூடிக் கட்டிய துணியின் மேல்விளிம்பு காகிளின் கீழ்ப்பஞ்சுக்குள் செருகியிருந்ததால், விட்ட மூச்செல்லாம் நேரே காகிளுக்குள் ஏறியது. மங்கிய காகிளை ஹெல்மெட்டின் மேல் ஏற்றி வைத்தது அடுத்த தவறு. அங்கே தலையின் வேர்வை ஆவியும் விழும் பனியும் பஞ்சில் இறங்கி, மறுபடி கண்ணுக்கு இறக்கும்போது மேலும் மங்கும், சில நேரம் உறைந்தும் போகும். பயிற்சியாளர்கள் காகிளை முகத்தைவிட்டு எடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஆனால் மங்கிய காகிளோடு, மூக்கு வலிக்க வலிக்க, ஒருவர் அதைப் போட்டுக்கொண்டே இருப்பார் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. வசதிக் குறைவு பாதுகாப்புக் குறைவாக மாறியது இந்த இடத்தில்தான். ஹெல்மெட் பெரிதாக இல்லாவிட்டால் மூக்கு வீங்கியிருக்காது, மூக்கு வலிக்காவிட்டால் மங்கிய காகிளைச் சற்று நேரம் உலரவிட்டு மறுபடி போட்டிருப்பார்.

ஹெல்மெட்டைப் பற்றி

அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் போவது என்று குடும்பம் முடிவெடுத்தது. பையன் பிடிவாதமாக இருந்தான். ஆசிரியையும் பாதியில் விட்டதை முடிக்க விரும்பினார். கருவிகளைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்றபோது, கணவர், "வீட்டுல ஏற்கெனவே ரெண்டு ஹெல்மெட் கெடக்கு டாக்டர், ஐஎஸ்ஐ முத்திரை போட்டது. அதையே கொண்டுபோனா ஆகாதா?" என்று கேட்டார். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இருசக்கர வாகன ஹெல்மெட் ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டது. சாலையில் அதற்கு மாற்று இல்லை. ஆனால் அது பனிச்சரிவுக்காகச் சோதிக்கப்பட்டதன்று. முழுமுக ஹெல்மெட் ஒரு கிலோவைத் தாண்டும், பனிச்சறுக்கு ஹெல்மெட் பெரும்பாலும் அதில் பாதி எடைதான் இருக்கும். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து விழுந்து எழுகிற தொடக்கநிலைப் பயிற்சியில் அந்தக் கூடுதல் எடை கழுத்தை வாட்டும். வண்டி ஹெல்மெட்டின் முகத்திறப்பில் காகிள் உட்காராது, முகக் கண்ணாடி மூச்சில் மங்கும், பயிற்சியாளர் குரலும் பக்கத்தில் வருபவர் எச்சரிக்கையும் காதில் விழாது. பனிச்சறுக்குக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 1077, அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப் 2040. இந்த எண் ஹெல்மெட்டின் உட்புறச் சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். இஎன் 1077இல் ஏ, பி என இரு வகுப்புகள் உண்டு. ஏ வகுப்பு காதையும் சேர்த்து அதிகப் பகுதியைக் கெட்டியான ஓட்டால் மூடும், கூர்ப்பொருள் துளைப்பதையும் அதிகம் தாங்கும். பி வகுப்பில் காதின்மேல் மெத்தென்ற உறை இருக்கும், காற்றோட்டமும் கேட்கும் திறனும் கூடுதல். வேகப்போட்டிக்குப் போகாத, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டுப் பழகவேண்டிய இக்குடும்பத்துக்குப் பி வகுப்பே ஏற்றது என்று சொன்னேன்.

ஹெல்மெட் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டியிருந்தது. 2006இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வொன்று, ஹெல்மெட் அணிந்தவர்களிடம் தலைக்காய ஆபத்து 60 விழுக்காடு குறைவாக இருந்ததாகக் கண்டது. அதே வேளையில், இஎன் 1077 சோதனையில் ஹெல்மெட் மோதும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். அதற்கு மேற்பட்ட வேகத்தில் பாறையிலோ மரத்திலோ மோதினால் அந்தச் சீட்டு எதற்கும் உறுதி சொல்வதில்லை. வேகக் கார் வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல்லில் விழுந்தபோது ஹெல்மெட் அணிந்திருந்தார். பாறையில் மோதி மூளைக்குக் கடுமையான காயம் ஏற்பட்டது. மறுபுறம், நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் மோன் த்ரொம்ப்ளானில் தொடக்கநிலைச் சரிவில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார். எழுந்து சிரித்துப் பேசி, மருத்துவ உதவி வேண்டாம் என்றார். சற்று நேரத்தில் தலைவலி தொடங்கியது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கட்டி, இரண்டு நாட்களில் இறந்துபோனார். சின்னச் சரிவு, மெதுவான வேகம், நன்றாகத்தானே இருக்கிறேன் என்ற நினைப்பு ஆகிய மூன்றும் நம் ஆசிரியை விழுந்தபோதும் இருந்தன. அதனால்தான், தலையில் அடிபட்டவரை அன்று முழுவதும் தனியே விடாதீர்கள், தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று கணவரிடமும், பையன் காதில் விழும்படியும் சொன்னேன்.

உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மாகோல் நொறுங்கித்தான் அடியை வாங்குகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், உள்ளே தன் வேலையை முடித்துவிட்டிருக்கலாம். வாடகைக் கடை ஹெல்மெட்டின் முன்கதை நமக்குத் தெரிய வழியில்லை என்பதே, இயன்றால் சொந்தமாக வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம்.

சாய்வாக மோதும்போது தலை சுழலும் விசையைக் குறைக்க, ஹெல்மெட்டுக்குள் 10 முதல் 15 மில்லிமீட்டர் வழுக்கி நகரும் மெல்லிய அடுக்கு ஒன்று இப்போது பல ஹெல்மெட்டுகளில் வருகிறது. மிப்ஸ் எனப்படும் இது சுவீடனில் ஒரு நரம்பு அறுவை மருத்துவரும் பொறியியலாளரும் சேர்ந்து உருவாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொருந்தாத ஹெல்மெட்டில் மிப்ஸ் இருந்து பயனில்லை; பொருத்தம் பார்த்த பிறகு கையில் பணம் மிஞ்சினால் அதற்குக் கொடுக்கலாம்.

அளவும் பொருத்தமும்

தையற்கடை நாடாவால் புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் புடைத்த பகுதியைச் சுற்றி அளந்ததில், கணவருக்கு 58 செண்டிமீட்டர், ஆசிரியைக்கு 55, பையனுக்கு 53 வந்தது. பின்னலை உச்சியில் கொண்டையாகப் போட்டிருந்தபோது ஆசிரியைக்கு ஹெல்மெட் பின்னால் தூக்கிக்கொண்டு நின்றது. கொண்டையை அவிழ்த்துக் கழுத்துக்குக் கீழே தளர்வாகப் பின்னிவிட்ட பிறகுதான் சரியாக இறங்கியது. குரங்குக் குல்லா வேண்டவே வேண்டாம் என்றேன். பொருத்தமான ஹெல்மெட்டே தலையையும் காதையும் போதிய அளவு கதகதப்பாக வைத்திருக்கும். மிகுந்த குளிருக்கு மெல்லிய உட்குல்லா போதும். பயண நாட்களில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொன்னபோது ஆசிரியையின் மாமியார் ஒப்பவில்லை. எண்ணெய்க் கை லென்ஸில் பட்டால் மங்கலைத் தடுக்கும் பூச்சு வேலை செய்யாது என்று சொன்ன பிறகே சம்மதித்தார். நெற்றித் திருநீறும் அப்படித்தான். பஞ்சில் ஒட்டி, உதிர்ந்து, லென்ஸைக் கீறும்.

மதுரைக் கடைகளில் பனிச்சறுக்கு ஹெல்மெட் எனக்குத் தட்டுப்படவில்லை. திருப்பி அனுப்பும் வசதியுள்ள இணையக் கடையில் இரண்டிரண்டு அளவாக வரவழைத்து, மாலை நேரத்தில், நோயாளிகள் போன பிறகு, குளிரூட்டிய அறையில் மூவருக்கும் போட்டுப் பார்த்தோம். தாடைப் பட்டையைக் கட்டாமலேயே குனிந்து தலையை உலுக்கினால் ஹெல்மெட் அசையக் கூடாது. கையால் அதைப் பக்கவாட்டில் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். பட்டையைக் கட்டியபின், பின் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். முன்விளிம்பு புருவத்துக்கு இறங்கிவந்தால் அந்த ஹெல்மெட் ஆகாது. ஆசிரியை விழுந்தபோது நிகழ்ந்தது அதுதான் என்பதால், இந்தச் சோதனையை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். பின்புறத் திருகைச் சுற்றி இறுக்கிப் பெரிய ஹெல்மெட்டைச் சரிக்கட்டலாம் என்று கணவர் முயன்றார். திருகு சிறு வேறுபாட்டைச் சரிசெய்யவே உதவும். பையனுக்கு அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரிதாக எடுக்க விரும்பினார்கள். பள்ளிச் சீருடையில் அது நல்ல சிக்கனம், ஹெல்மெட்டில் கூடாது.

காகிளை ஹெல்மெட் போட்ட தலையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காகிளின் மேல்விளிம்பும் ஹெல்மெட்டின் முன்விளிம்பும் இடைவெளியின்றிச் சேர வேண்டும். இடைவெளி இருந்தால் குளிர்காற்று நெற்றியைத் தாக்கித் தலைவலி தரும், வெயிலும் சுடும். ஒன்றையொன்று அழுத்தவும் கூடாது. அழுத்தினால் காகிள் மூக்கில் இறங்கி மூச்சை நெரிக்கும். கணவருக்கு வந்த முதல் ஹெல்மெட்டும் காகிளும் தனித்தனியே அருமையாகப் பொருந்தின, சேர்த்துப் போட்டபோது அவர் மூக்கடைப்புக்காரர்போலப் பேசினார். காகிளைத் திருப்பி அனுப்பி, உயரம் குறைந்த சட்டத்தில் வேறொன்று எடுத்தோம்.

ஆசிரியைக்கு மூன்று வழிகள் இருந்தன. கான்டாக்ட் லென்ஸ் முதல் வழி. அவர் அதற்கு முன் அணிந்ததில்லை, கண்ணும் சற்று வறண்டது, விடுதி அறையில் கைச்சுத்தம் பேணி அணிவது பயணத்தின்போது புதிதாகக் கற்கத்தக்க பாடம் அல்ல என்று நினைத்தேன். பழகியவர்களுக்கு ஒருநாள் பயன்பாட்டு லென்ஸ் மிக நல்லது. இரண்டாவது, காகிளுக்குள் மாட்டும் பவர் சட்டம். கண்ணிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி நிற்பதால் அவருடைய பவரில் வரும் மாறுதல் கால் டயாப்டருக்கும் (பவரின் அலகு) குறைவு, அது பொருட்டல்ல. ஆனால் உணவு விடுதிக்குள் நுழைந்து காகிளைக் கழற்றினால் கையில் கண்ணாடி இல்லாமல் நிற்க வேண்டும். மூன்றாவதையே தேர்ந்தோம்: பவர் கண்ணாடியின் மேல் அணிவதற்கென்றே ஆழமாகவும், கண்ணாடிக் காம்பு நுழையப் பஞ்சில் வெட்டு விட்டும் செய்யப்பட்ட காகிள். அதற்காகச் சிறிய, மெல்லிய காம்புள்ள சட்டம் ஒன்றில் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுப் புதுக்கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். விழும்போது உடைந்து சில்லாகும் கண்ணாடி லென்ஸைக் காகிளுக்குள் யாரும் அணியக் கூடாது. போட்டபின் தலையை ஆட்டினால் கண்ணாடி காகிள் லென்ஸைத் தொடுகிறதா என்று பார்த்தோம், தொடவில்லை.

லென்ஸ் நிறத்தில் கணவருக்கு மிகக் கறுத்த, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒன்றின்மேல் ஆசை. ஒளியை உள்ளே விடும் அளவைக் கொண்டு லென்ஸ்களை எஸ்0 முதல் எஸ்4 வரை பிரிப்பார்கள். எஸ்1 43 முதல் 80 விழுக்காடு ஒளியை விடும், எஸ்2 18 முதல் 43, எஸ்3 8 முதல் 18, எஸ்4 3 முதல் 8. எஸ்4 பனியாற்றுப் பரப்புகளுக்கும் மிக உயர்ந்த மலைகளுக்கும் உரியது. மேகம் மூடினால் அதனுள் பள்ளம் மேடு தெரியாது. கறுப்பு என்பதே பாதுகாப்பும் அல்ல. புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, பாப்பாவை விரியவைத்துக் கூடுதல் கதிரை உள்ளே விடும். யூவி 400 என்ற குறிப்பும், இஎன் 174 அல்லது அதற்குப் பின்வந்த ஐஎஸ்ஓ 18527-1 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மூவருக்கும் வெயில் நாளுக்கு எஸ்3, மேக நாளுக்கு மஞ்சள் கலந்த எஸ்1 என்று மாற்றி மாட்டும் இரண்டு லென்ஸ் உள்ள காகிள்களே வாங்கப்பட்டன. மேக நாளிலும் காகிளைக் கழற்றாமலிருக்க அந்த இரண்டாவது லென்ஸ்தான் வழி.

கொடைக்கானலில் ஒத்திகை

மங்குகிறதா என்பதை மட்டும் மதுரையில் சோதிக்க முடியாது. இங்கே வெளிக்காற்றே சூடும் ஈரமுமாக இருப்பதால், குளிரவைத்த காகிள் வெளிப்புறத்தில்தான் மங்கும். ஆகவே டிசம்பரில் கொடைக்கானல் சென்று, விடியற்காலையில் மூவரும் முழு அணியோடு ஏரியைச் சுற்றி வேகமாக நடக்கவும், மேட்டில் ஓடி ஏறவும் சொன்னேன். 2100 மீட்டர் உயரத்தில், மூச்சு புகையாகத் தெரியும் குளிரில், உடம்பு வேர்க்கும்படி உழைத்தால் ஓரளவுக்கு உண்மை நிலை தெரியும். வேடிக்கை பார்த்தவர்கள் பலர் என்று கணவர் சொன்னார்.

பெரியவர்கள் இருவருக்கும் குறையில்லை. பையனின் காகிள் கால்மணி நேரத்தில் மங்கியது. பாட்டி ஆசையாகப் பின்னிக் கொடுத்த நெற்றிப்பட்டையை அவன் ஹெல்மெட்டுக்குள் அணிந்திருந்தான். ஹெல்மெட்டின் முன்விளிம்பில் உள்ள சிறு காற்றுவழிகளை அது முழுதும் அடைத்துவிட்டது. காகிளின் மேற்பஞ்சு வழியே ஏறும் சூடான காற்று அந்த வழிகளில் நுழைந்து ஹெல்மெட்டின் பின்புறமாக வெளியேற வேண்டும். இரண்டும் ஒரே அணியாக வேலை செய்வது இவ்வாறுதான். பட்டையை எடுத்ததும் சில நிமிடங்களில் தெளிந்தது.

பின்தொடர்தல்

பிப்ரவரியில் போய்த் திரும்பிய மறுவாரம் மூவரையும் பார்த்தேன். ஆசிரியையின் கருவிழியில் சாயம் ஏறவில்லை. மூக்கில் தடம் இல்லை. அவர் இம்முறையும் பலமுறை விழுந்திருக்கிறார். ஹெல்மெட் ஒருமுறைகூடக் கண்மேல் இறங்கவில்லை. ஈரப்பனி கொட்டிய ஒருநாள் காகிளின் மேற்பஞ்சில் பனி அடைத்து மங்கியதாகவும், உட்சட்டைப் பையில் துணியுறைக்குள் வைத்திருந்த மாற்று லென்ஸை மதிய இடைவேளையில் மாட்டிக்கொண்டு சமாளித்ததாகவும் சொன்னார். மங்கிய லென்ஸைத் துடைக்காமல், உதறி, விடுதி அறையில் தானே உலரவிட்டிருக்கிறார். பையன் கையுறையால் துடைத்துவிட்டான். அவனுடைய எஸ்1 லென்ஸின் உட்புறத்தில் பூச்சுப் போன இடம் வட்டமாகத் தெரிந்தது, மாற்று லென்ஸ் வரவழைக்கச் சொன்னேன்.

அவன் தலையை மறுபடி அளந்தபோது அரை செண்டிமீட்டர் கூடியிருந்தது; இன்னொரு குளிர்காலத்துக்கு அந்த ஹெல்மெட் தாங்குமா என்பதைப் புறப்படும் முன் மேற்சொன்ன சோதனைகளைச் செய்துதான் முடிவெடுக்க வேண்டும். மூன்று அணிகளையும் கணவர் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைப்பதாக இருந்தார். மதுரையின் மே மாத வெப்பத்தில் அப்படிப்பட்ட கொட்டகை அடுப்புபோல் கொதிக்கும். பஞ்சை ஒட்டியிருக்கும் பசை இளகும், தெர்மாகோலும் கெடலாம். காரின் பின்புறமும் ஆகாது. படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில், காகிளைத் துணியுறையில் இட்டு, ஹெல்மெட்டின்மேல் வேறெதையும் அடுக்காமல், பூஞ்சை பிடிக்காதபடி மழைக்காலத்தில் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாடவிட்டு வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.